மரைக்கு அளவு தந்தவர்

விநாயகர் சதுர்த்தி நெருங்கும் நாள்களில் போபோடியின் சந்துகளில் மரப்பெட்டிகள் உருவாகும். தாழ்ந்த ஒலியை முழக்கும் பெரிய ஒலிபெருக்கியைப் பொருத்துவதற்கான பெட்டிகள் அவை. சப்வூபர் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு மாலை அத்தகைய பெட்டி ஒன்றின் அருகே என் மாணவன் ஒருவன் கவலையோடு நின்றிருந்தான். அங்கிருந்தோர் ஒலிபெருக்கியின் இரும்புச் சட்டத்தை முதலில் மரத்திருகாணிகளால் முடுக்கியிருந்தனர். பலமுறை கழற்றி மாட்டியதால் ஒட்டுப்பலகையில் துளைகள் தளர்ந்துவிட்டன. எனவே பலகையின் உட்புறத்தில் பல்லுள்ள டீ நட்டுகளை அடித்து இறக்கி, வெளியிலிருந்து மரையாணிகளை முடுக்கினர். முறை சரியானதுதான். ஆயினும் பாட்டுத் தொடங்கியதும் பெட்டி கடகடவென்று அதிர்ந்தது. சட்டத்தின் இடுக்கில் காற்று சீறியது.

காரணம் சிறியது. நட்டு கால் அங்குல அளவினது. ஆணியோ 6 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். மேலும், ஆணியின் உடலைச் சுற்றிச் செல்லும் வரியாகிய மரை, கால் அங்குல ஆணியில் ஓர் அங்குலத்திற்கு 20 சுற்று. அதாவது சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர். மற்றதில் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். ஆகவே ஓரிரு சுற்று எளிதாக ஏறிய ஆணி, பின்னர் நட்டுக்குள்ளேயே சிக்கி நின்றது. இறுகிவிட்டது என்று கை சொல்லியது. சட்டத்தை அது பிடிக்கவே இல்லை.

அந்த 20 என்னும் எண்ணை உலகிற்கு வகுத்துத் தந்தவர் ஜோசப் விட்வர்த்.

அவர் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஆசிரியர். பதினான்கு வயதில் மாமன் ஒருவரின் பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டார். ஆலைக்குப் பங்காளியாக்கும் எண்ணம் பெரியவர்களுக்கு இருந்தது. இளைஞருக்கோ நூலைவிட நூற்கும் பொறியின் மீதே நாட்டம். ஆலையை விட்டு வெளியேறி, மான்செஸ்டர் பட்டறைகளில் கைத்தொழிலாளியாகச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று, மரை வெட்டும் கடைசல் எந்திரத்தால் புகழ்பெற்றிருந்த ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றினார். சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் பொறிக்கு உறுப்புகள் செய்த ஜோசப் கிளெமெண்டின் பட்டறையிலும் இருந்தார். 1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பித் தமக்கென ஒரு பட்டறையைத் தொடங்கினார்.

அவர் முதலில் முனைந்தது, முழுதும் சமமான ஒரு தட்டையை உண்டாக்குவதில். எளிய செயல் என்று எண்ண வேண்டா. இரண்டு இரும்புத் தட்டைகளை ஒன்றோடொன்று தேய்த்தால் அவை நன்கு பொருந்தும். ஆனால் ஒன்று சற்றே மேடாகவும் மற்றது அதே அளவு பள்ளமாகவும் அமைந்தாலும் பொருந்தத்தானே செய்யும்? எனவே மூன்று தட்டைகள் வேண்டும். ஒன்றின்மீது வண்ணம் தடவி மற்றொன்றை அதன்மேல் வைத்தால் மேட்டில் மட்டும் வண்ணம் ஒட்டும். அவ்விடத்தைச் சுரண்டிக் களைய வேண்டும். இவ்வாறு மூன்றையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டு, எந்த இரண்டும் பொருந்தும் நிலை வரும்போது மூன்றும் சமமாகியிருக்கும். தேய்ப்பதை விடுத்துச் சுரண்டும் இம்முறையை 1840இல் அறிஞர் அவையில் அவர் விளக்கினார். சமதளம் கிடைத்தபின் நுண்ணளவும் கைகூடியது. அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டும் அளவுப் பொறி ஒன்றைப் பின்னாளில் அவர் செய்தார்.

இனி மரைக்கு வருவோம். அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு நட்டு தொலைந்தால், அந்த ஆணியைச் செய்த பட்டறையையே தேடிச் செல்ல வேண்டும். விட்வர்த் தம் அளவே சிறந்தது என்று வாதாடவில்லை. பல பட்டறைகளிலிருந்து ஆணிகளைத் திரட்டி, அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டார். மரையின் கோணம் 55 பாகை என்றும், கால் அங்குல ஆணிக்கு 20 சுற்று, மூன்றெட்டில் அங்குலத்திற்கு 16, அரை அங்குலத்திற்கு 12 என்றும் வகுத்து, 1841இல் கட்டடப் பொறியாளர் கழகத்தில் முன்வைத்தார். யாருடைய அளவும் முழுதாக வெல்லவில்லை. யாருடையதும் முழுதாகத் தோற்கவுமில்லை. அதனால்தான் பலர் ஏற்றனர் என்பது என் கருத்து.

அதன் பயன் கிரிமியப் போரின்போது வெளிப்பட்டது. சிறு போர்ப்படகுகளுக்கு 90 நீராவிப் பொறிகள் விரைவில் தேவைப்பட்டன. ஜான் பென் என்னும் பொறியாளர் மாதிரிப் பொறிகளைப் பிரித்து, உறுப்புகளைப் பல பட்டறைகளுக்கு அனுப்பிச் செய்வித்தார். வெவ்வேறு ஊர்களில் செய்த உறுப்புகள் ஓரிடத்தில் வந்து பொருந்தின.

அதே நுண்மையை அவர் துப்பாக்கிக்கும் அளித்தார். அறுகோணத் துளையுடைய அவரது துப்பாக்கியால் 1860இல் விக்டோரியா அரசி விம்பிள்டன் போட்டியின் முதற்குண்டைச் சுட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படையினர் அதைக் கொண்டு தொலைவில் நின்றோரைக் கொன்றனர். அவர் வாழ்வின் இப்பகுதியை மறைத்து எழுத என் மனம் ஒப்பவில்லை. இளம் பொறியாளர்களின் கல்விக்கென ஆண்டுதோறும் 3000 பவுண்டு வழங்க 1868இல் ஏற்பாடு செய்தவரும் அவரே. 1887 ஜனவரி 22ஆம் நாள் மாண்டி கார்லோவில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதி கல்விக்கும் பொதுநலனுக்கும் சென்றது.

அவர் அளவு கடல் கடந்தும் பரவியது. போபோடியை ஒட்டிய இருப்புப்பாதை 1858இல் புணேயை அடைந்தபோது, அதில் ஓடிய நீராவிப் பொறிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. ஆயினும் உலகம் முழுதும் ஒத்துப்போகவில்லை. 1864இல் அமெரிக்கர் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்மொழிந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய ஆணி அமெரிக்க நட்டில் ஏறாமல் இடர் விளைந்தது. 1948இல்தான் அவ்விரு நாடுகளும் கனடாவும் ஒரே மரைக்கு இசைந்தன. இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறைக்கு மாறியது. ஆனால் கடைகளில் கால் அங்குலம் இன்றும் மறையவில்லை. ஒளிப்படக் கருவியை முக்காலியில் நிறுத்தும் ஆணி இன்றும் கால் அங்குலம், 20 சுற்றுதான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் தச்சர்கள் நூல் என்பர். இங்குள்ள மராத்தியத் தச்சர்கள் சூத் என்பர். இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே.

நம் பெட்டிக்கு என்ன ஆயிற்று? கால் அங்குல டீ நட்டுகளைக் களைந்து, 6 மில்லிமீட்டர் நட்டுகளை இறக்கினோம். சட்டத்தின் அடியில் மென்பஞ்சுப் பட்டை ஒட்டினோம். அடுத்தடுத்த ஆணிகளை முடுக்காமல், எதிரெதிர் ஆணிகளைச் சிறிது சிறிதாக முடுக்கினோம். அப்போதுதான் சட்டம் ஒருபுறம் சாயாது அமரும். கடகடப்பு நின்றது.

உங்கள் வீட்டில் கிடைக்கும் ஒரு மரையாணியை எடுத்து, அளவுகோலின் அருகே வையுங்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை சுற்று என்று எண்ணிக் கீழுள்ள கட்டத்தில் எழுதுங்கள். ஆணி குட்டையாக இருந்தால் அரை அங்குலத்தில் எண்ணி இரட்டிப்பாக்குக.