மண்ணை எழுதிய மக்கள் பாவலர் அண்ணாபாவு சாத்தே

எழுத விழையும் நம் இளைஞர் பலர், எழுதத்தக்க ஊர் எங்கோ தொலைவில் உள்ளதென எண்ணுகின்றனர். தம் தெருவும் ஏரிக்கரையும் ஏட்டில் ஏறத் தகுதியற்றவை எனக் கருதுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதற்கு மராத்திய எழுத்தாளர் அண்ணாபாவு சாத்தேயின் வாழ்வே சான்றாகும்.

துக்காராம் என்னும் இயற்பெயருடைய அவர், 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று, இன்றைய சாங்கலி மாவட்டத்து வாட்டேகாவ் என்னும் சிற்றூரில், தீண்டாமைக்கு ஆளான மாங் சமூகத்தில் பிறந்தார். அவர் பள்ளி சென்றது இரண்டு நாள்கூட இல்லை என்பர். இளமையிலேயே பிழைப்பு நாடிக் குடும்பத்தாருடன் பம்பாய் சென்று, ஆலையிலும் பிற இடங்களிலும் கூலிவேலை செய்தார். எழுத்தறிவைத் தம் முயற்சியாலேயே பெற்றார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழு அமைத்து, தொழிலாளரிடையே பாடி நடித்து, மக்கள் பாவலர் எனப் புகழ்பெற்றார்.

அவர் எழுத்துக்கு இரண்டு நிலங்கள் உயிராயின. ஒன்று, தாம் பிறந்த வாரணா ஆற்றுப் பள்ளத்தாக்கு. மற்றொன்று, தாம் குடிசையில் வாழ்ந்த பம்பாய்ச் சிராக் நகர். 1959இல் வெளிவந்த 'பக்கீரா' புதினத்தின் தலைவன், பசித்த தன் மக்களுக்காக ஆங்கில ஆட்சியை எதிர்த்த மாங் வீரன். அந்நூலை அண்ணல் அம்பேத்கருக்கே காணிக்கையாக்கினார். 1961இல் அது மராட்டிய மாநில அரசின் பரிசு பெற்றது.

'சுடுகாட்டுப் பொன்' என்னும் பொருள்படும் தலைப்புடைய அவருடைய சிறுகதையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வாரணைக் கரையிலிருந்து பம்பாய்ப் புறநகருக்கு வந்த பீமா கல்லுடைத்துப் பிழைக்கிறான். கற்சுரங்கம் மூடப்படவே, பிணங்களோடு போன பொன்னைத் தேடிச் சுடுகாட்டைக் கிளறுகிறான். இரவில் நரிகளோடு போராடி, இறுதியில் விரல்களையும் இழக்கிறான். கற்சுரங்கம் மீண்டும் திறந்த செய்தி அதன் பின்னரே வருகிறது. இங்கு இடம் என்பது கதைக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலையன்று. மாந்தரின் பசியையும் துணிவையும் முடிவையும் அவ்விடமே உருவாக்குகிறது. சுரங்கத்தையும் சுடுகாட்டையும் நீக்கினால் கதையே இல்லை.

வறுமை அவரை இறுதிவரை விடவில்லை. 1969ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள், 48ஆம் வயதில் மறைந்தார். 2002இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இளைஞர்களே! நம் தெருவின் பெயரையும், கிணற்றடி மரத்தையும், முன்னோர் உழைத்த களத்தையும் நாம் எழுதாவிடில், அவை பிறர் பார்வையில் எழுதப்படும். அன்றேல் எழுதப்படாமலே அழியும். பட்டம் இல்லையென்று தயங்க வேண்டா. கண்ட இடத்தைக் கண்டவாறு, பெயர் சொல்லி எழுதத் தொடங்குவோமாக!