திசை மறவா ஒளி: அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன்

ஜெகதளாவைச் சூழ்ந்த தோட்டங்களில் கிள்ளிய தேயிலையைக் கசக்கி, எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்து, இருளில் ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அப்பச்சைச் சாறு செந்நிறமாய் ஒளிரக் காண்போம். ஒரு நிற ஒளியை ஏற்று வேறு நிற ஒளியை உமிழும் இப்பண்பே உடனொளிர்வு. தமிழகம் ஈன்ற இயற்பியல் அறிஞர் சர் கே.எஸ். கிருஷ்ணனின் புகழ் இதனைப் பிரித்தறிந்ததில் தொடங்கியது. இராமன் விளைவைப் போற்றும் நம்மவர் அவரை அடிக்குறிப்பில் அடக்கிவிட்டமை நமக்கு உடன்பாடன்று.

1898 டிசம்பர் 4இல் திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தார். அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. 1923இல் கே.ஆர். இராமநாதன் நீரில் ஒளிச்சிதறலை ஆய்ந்தபோது, நிறம் மாறிய மங்கிய ஒளியொன்று தென்பட்டது. மாசினால் எழும் உடனொளிர்வு என எண்ணி நீரை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கினர், ஒளி மறையவில்லை. பின்னர்க் கிருஷ்ணனும் பல நீர்மங்களில் அதனைக் கண்டார்.

1928 பிப்ரவரியில் அவர் ஆந்த்ரசீன் ஆவியை ஆய்ந்தார். அது வலுவாக ஒளிர்ந்தது; ஆனால் அவ்வொளியில் தளவிளைவு இல்லை. நீர்மங்களின் மங்கிய ஒளியோ நன்கு தளவிளைவுற்றிருந்தது! உடனொளிரும் மூலக்கூறு, ஏற்ற ஒளியைச் சற்றே தாங்கிநின்று உமிழ்வது. அவ்விடைவேளையில் அது சுழன்றுவிடின் ஒளி திசை மறக்கும். திசை மறவாத இவ்வொளி வேறு வகையினது என்பது புலனாயிற்று. மார்ச் 31இல் நேச்சர் இதழில் வெளிவந்த கடிதம் இருவர் பெயரையும் தாங்கியது. 1930இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிட்டியது.

கிருஷ்ணன் டாக்கா சென்று, படிகங்களைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அவற்றுள் மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன என்று கணித்தார். 1940இல் இராயல் கழக உறுப்பினர். 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961 ஜூன் 14இல் மறைந்தார்.

அவர் கல்கத்தாவில் அடையாளமாய்க் கொண்ட அதே திசைமறதியைப் பிற்காலத்தார் அளவுகோலாக்கினர். 1970இல் வால், பாவோலெத்தி, லெபெக் ஆகியோர் டி.என்.ஏ. இழையின் படிகளுக்கிடையே எத்திடியம் என்னும் சாயத்தைச் செருகினர். நீரில் 2 நானோவிநாடிக்கும் குறைவாகவே ஒளிரும் அச்சாயம், இழையினுள் சுமார் 23 நானோவிநாடி ஒளிரும். நெடிய இழை முழுவதும் புரள அந்நேரம் போதாது. ஆயினும் தளவிளைவு குறைந்தது. இழை விறைத்த கோலன்று, இருந்த இடத்திலேயே முறுகி அசைகின்றது என அவர்கள் தெளிந்தனர்.