ஏட்டில் ஏறாத ஹோம் ரன்கள்



நமக்குக் கிரிக்கெட்டில் சிக்ஸர் எப்படியோ, அமெரிக்கர்களுக்குப் பேஸ்பாலில் ஹோம் ரன் அப்படி. ஹோம் ரன் என்றாலே பேப் ரூத் பெயரைத்தான் சொல்வார்கள். அவருக்குச் சமமாகப் பேசப்பட்ட இன்னொருவர் ஜாஷ் கிப்சன். அவரைப் பற்றிச் சில வரிகள்.

1911 டிசம்பர் 21-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பிழைப்புக்காகப் பிட்ஸ்பர்க் நகர எஃகு ஆலைக்குப் போக, குடும்பமும் பின்னாலேயே போனது. எலெக்ட்ரீஷியன் ஆகணும் என்று ஜாஷ் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். ஆமாம், நம்ம எலெக்ட்ரிக்கல் பிராஞ்ச்தான்! பிறகு ஏர் பிரேக் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ்.

1930-ல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 18. நம்ம வயசு! அதே ஆகஸ்டில் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். பிழைத்தது இரட்டைக் குழந்தைகள் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் பெரிய லீக் அணிகள் கறுப்பர்களைச் சேர்க்காது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. எனவே கறுப்பினத்தவர் தனி லீக் நடத்தினார்கள். வாஷிங்டனில் வெள்ளையர் அணியின் மைதானத்தையே வாடகைக்கு எடுத்து ஆடியது கிரேஸ் அணி. மைதானத்தில் ஆடலாம், அந்த அணியில் மட்டும் சேரக் கூடாது! பல ஊர்களில் தங்க ஓட்டலில் இடம் கிடைக்காது. பஸ்ஸிலேயே தூங்கி, மறுநாள் அடுத்த ஊரில் ஆட்டம்.

ஜாஷ் கேட்ச்சர். ஆட்டம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்து பிடிக்கிற வேலை. அதையும் செய்துகொண்டுதான் ஹோம் ரன்களை விளாசினார். 1943-ல் மூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஆடினார். 1947 ஜனவரி 20-ல் 35 வயதில் மறைந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15-ல் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் கால் வைத்தார். கதவு திறந்தபோது ஜாஷ் இல்லை. அவர் கல்லறைக்கு 1975 வரை பெயர்க் கல்லும் இல்லை.

அவர் அடித்த ஹோம் ரன் எத்தனை? 1972-ல் புகழ் மண்டபத்தில் வைத்த பலகை ஏறக்குறைய 800 என்கிறது. லீக் ஆட்டங்களில் ஆதாரம் கிடைத்தவையோ 200-க்கும் குறைவு. பல ஆட்டங்களின் ஸ்கோரை யாரும் எழுதியே வைக்கவில்லை.

நாம் லேபில் எவ்வளவு சரியாக ரீடிங் எடுத்தாலும் ரெக்கார்டு நோட்டில் ஏறாவிட்டால் மார்க் கிடையாது. ஜாஷுக்கும் அதே கதிதான். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் பழைய பேப்பர்களைப் புரட்டி ஒவ்வொரு ஸ்கோராகத் தேடி எடுத்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்கு பெரிய லீக் ஏட்டில் சேர்ந்தது. பேட்டிங் சராசரியில் டை காப் ஆயிரத்துக்கு 367, ஜாஷ் 372. செத்து 77 வருடம் கழித்து முதலிடம்!

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் படித்ததில்லை. உழைத்தவர்கள் நிறைய, அவர்கள் உழைப்பு எந்த ஏட்டிலும் இல்லை. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். நண்பர்களே, நமக்கு எழுதத் தெரியும். நம்ம பெரியவங்க செஞ்சதை நாமதான் எழுதி வைக்கணும்.

– இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை