காட்டுக்குள் ஒரு நீலக் கோடு

பாரீஸ் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஃபோந்தென்புளோ காடு. முதுகில் தடித்த மெத்தையைச் சுமந்துகொண்டு பல நாட்டு இளைஞர்கள் அங்கே வருகிறார்கள். கயிறு கட்டாமல், விழுந்தால் தாங்க அந்த மெத்தையைக் கீழே விரித்துவிட்டு, இரண்டு மூன்று ஆள் உயரப் பாறைகளில் ஏறுவது அவர்களது விளையாட்டு. ‘போல்டரிங்’ எனப்படும் இவ்விளையாட்டின் தாய்வீடுகளில் ஒன்றாக அக்காடு கருதப்படுகிறது.

ஏறுவது சில நிமிட வேலை. பாறையைக் கண்டுபிடிப்பதுதான் புதிதாக வருபவருக்குப் பெரும்பாடு. ஓக், பீச், பைன் மரங்கள் அடர்ந்த காட்டில் பத்தடி தள்ளியிருக்கும் பாறைக் கூட்டமும் கண்ணுக்குத் தெரியாது. மணல் சரிவில் ஏறி இறங்கிக் களைத்து நிற்கும் வேளையில், மரத்தண்டில் மங்கலாக ஒரு நீலக் கோடு தென்படும். அதைப் பின்தொடர்ந்தால் பாறைகள் வந்துவிடும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது.

குளோத் பிரான்சுவா தெனெகூர் 1788-இல் கிழக்கு பிரான்ஸில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். நெப்போலியனின் படையில் சேர்ந்து போரிட்டார், காயமடைந்தார். பேரரசு வீழ்ந்த பிறகு பிழைப்புக்காகப் பல வேலைகள் பார்த்து, இறுதியில் ஃபோந்தென்புளோ நகரின் படைமுகாமில் காவலாளியானார். மன்னராட்சிக்கு உவப்பில்லாத அரசியல் கருத்துகளை அவர் மறைக்கவில்லை. 1832-இல் வேலை போயிற்று. வயது நாற்பதைக் கடந்திருந்தது. மனச்சோர்வு பீடித்த அந்த முன்னாள் சிப்பாய், நகரின் எல்லையிலேயே தொடங்கிய காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்.

அந்தக் காடு அப்போது யாருக்காக அமைந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக அது பிரெஞ்சு மன்னர்களின் வேட்டைக்காடு. குதிரைகளும் வேட்டை நாய்களும் ஓடுவதற்கு வசதியாக, அகன்ற நேர்ச்சாலைகள் காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் சென்றன. அவை சந்திக்கும் இடங்கள் நட்சத்திர வடிவில் இருந்தன. அச்சாலைகளில் நாள் முழுவதும் போனாலும் காட்டின் உண்மையான அதிசயம் கண்ணில் படாது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் விட்டுச்சென்ற மணல், மேற்பரப்பில் கெட்டிப்பட்டு மணற்பாறையாகியது. அடியிலிருந்த மணல் அரிக்கப்பட்டபோது பாறைத் தகடுகள் உடைந்து சரிவுகளில் உருண்டன. யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதைப் போன்ற இந்தப் பாறைகளுக்குக் குதிரையில் போக முடியாது. நடந்தே போக வேண்டும்.

தெனெகூர் நடந்தார். எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளம் தெரிகிறது, எங்கே இரு பாறைகளுக்கிடையே ஓர் ஆள் நுழைய முடியும், வழிதவறுபவர் எந்தத் திருப்பத்தில் தவறுகிறார் என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடமாயின. 1839-இல் காட்டுக்கான தமது முதல் வழிகாட்டி நூலை வெளியிட்டார். நூலைக் கையில் வைத்திருந்தாலும் வழிதவறலாம் என்பது நடந்து பார்த்தவருக்குத்தானே தெரியும்? 1842 முதல் மரங்களிலும் பாறைகளிலும் நீல வண்ணத்தால் அடையாளமிடத் தொடங்கினார்.

வனத்துறை அவரைக் கேட்கவுமில்லை, நியமிக்கவுமில்லை. முதலில் கண்டும் காணாமலும் இருந்தது, பின்னர் பொறுத்துக்கொண்டது. நூல் விற்ற காசையும் கைக்காசையும் செலவிட்டு, ஆட்களை வைத்துப் பாதை வெட்டினார். வாழ்நாளின் முடிவில் அவை சுமார் 150 கிலோமீட்டர் நீண்டிருந்தன. அவர் பாதை நேராகப் போகாது. வளைந்து, பாறையைச் சுற்றி, இடுக்கில் நுழைந்து, எதிர்பாராத இடத்தில் பரந்த வெளியைக் காட்டும். பாறைகளுக்கும் மரங்களுக்கும் பெயர் சூட்டினார். சில இடங்களில் குகைகளையே குடைந்து, கொள்ளையர் வாழ்ந்த இடம் என்று கதையும் கட்டினார். இந்தக் கடைசிக் காரியத்தை என்னால் மெச்ச முடியவில்லை. காட்டுக்கு அந்தச் சரக்கு தேவைப்படவில்லை.

1849-இல் பாரீஸிலிருந்து ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரர்களும் எழுத்தர்களும் தொழிலாளர்களும் குடும்பத்தோடு வந்திறங்கினர். அவர்களுக்குப் பாதைகள் தயாராக இருந்தன.

எதிர்ப்பும் வந்தது. காட்டின் ஓரத்தில் பார்பிசோன் சிற்றூரில் தங்கி அதன் மரங்களையும் பாறைகளையும் வரைந்துவந்த தியோடர் ரூசோ முதலிய ஓவியர்களுக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. நீலக் கோடுகளும் பெயர்ப் பலகைகளும் காட்டின் கன்னிமையைக் குலைப்பதாக அவர்கள் கருதினர். அந்த மனக்குறையைச் செல்வந்தரின் சலிப்பு என்று தள்ளிவிட முடியாது. பழைய ஓக் மரங்கள் வெட்டப்படுவதையும், பாரீஸின் தெருக்களுக்குக் கல் பாவுவதற்காக இதே பாறைகள் உடைக்கப்படுவதையும் கண்டு கொதித்து, காட்டைக் காக்கப் பேரரசரிடமே முறையிட்டவர் ரூசோ. அத்தகைய முயற்சிகளின் பயனாக, 1861-இல் காட்டின் 1,097 ஹெக்டேர் பரப்பு கலை அழகுக்காகப் பாதுகாக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவுக்கு 11 ஆண்டுகள் முந்திய ஏற்பாடு இது. ஓவியர் காட்டைக் காக்க நினைத்தார். சிப்பாய் அதைத் திறக்க நினைத்தார். ஆயினும், யாரும் பார்த்திராத பாறையைக் கல்லுடைப்பவரிடமிருந்து காப்பது கடினம். ஆயிரம் பேர் பெயர் சொல்லி அழைக்கும் பாறைக்காக வாதாடச் சிலராவது இருப்பார்கள். அந்த வகையில் தெனெகூரின் கணக்கு தப்பவில்லை என்றே கருதுகிறேன்.

1853-இல் அவர் எழுப்பிய பார்வைக் கோபுரத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் திறந்துவைத்தார். அரசியல் கருத்துக்காக ஓர் ஆட்சியில் வேலை இழந்தவருக்கு இன்னோர் ஆட்சியில் கிடைத்த விசித்திரமான மரியாதை அது. 1855-இல் அவரைப் பாராட்டி ஒரு தொகுப்பு நூல் வெளிவந்தது. விக்டர் ஹ்யூகோ, ஜார்ஜ் சாண்ட், நெர்வால், கோத்தியே எனப் புகழ்பெற்ற பலரின் எழுத்துகள் அதில் இடம்பெற்றன. செடிகொடிகளைக் கண்டு உருகும் வழக்கம் சற்றும் இல்லாத பொதலேர், நகரத்து அந்திப்பொழுதைப் பற்றிய கவிதைகளை அனுப்பிவைத்தார். வேலையிழந்த காவலாளி ஒருவருக்கு இத்தனை எழுத்தாளர்கள் ஒன்றுகூடியது பிரெஞ்சு இலக்கிய வரலாற்றில் அரிய காட்சி.

1875 மார்ச்சில் தெனெகூர் காலமானார். கோலினே என்பவர் அவர் பணியைத் தொடர்ந்து, பாதைகளை மேலும் நீட்டித்தார். பாரீஸின் மலையேறிகள் ஆல்ப்ஸ் பயணத்துக்குப் பயிற்சி பெற இந்தப் பாறைகளைத் தேடி வந்தது அதற்குப் பிந்திய கதை. நாளடைவில் பயிற்சியே தனி விளையாட்டானது. 1947-இல் ஏறுபவர்களும் தூரிகையை எடுத்தார்கள். எந்தப் பாறைக்குப் பின் எந்தப் பாறை என்பதைக் காட்ட அம்புக்குறியும் எண்ணும் தீட்டினர். கடினத்தின் அளவுக்கேற்ப வண்ணம் மாறும். நீலச் சிப்பாயின் முறை பாதையிலிருந்து பாறைக்கு ஏறிவிட்டது.

ரூசோவின் கவலையும் இன்னும் தீரவில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே சரிவில் இறங்கும்போது மணல் பெயர்கிறது. மழை அதை அடித்துச் செல்கிறது. வேர்களும் பாறைகளின் அடியும் வெளியே தெரிகின்றன. மழையில் நனைந்த மணற்பாறை வலுவிழந்து, பிடி உடைந்துவிடும் என்பதால், ஈரம் காயாதவரை ஏறக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். தன்னார்வலர்கள் சரிவுகளில் மரக்கட்டைகளைப் பதித்து மணலைத் தடுத்து வருகிறார்கள். மங்கிப்போன நீலக் கோடுகளின் மீது மறுபடியும் வண்ணம் பூசுபவர்களும் அவர்களைப் போன்ற தன்னார்வலர்களே.