நான்கே நான்கு கோல்!

பந்து விளையாட ஆள் பிரிக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்கத்தான் ஆசை. கோல் கீப்பராக நில் என்றால் உடனே முகம் சுருங்கிவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இதைப் பார்த்தவன் நான். கடைசியில் கூட்டத்திலேயே சின்னப் பையன் யாரோ, அவனைத்தான் அங்கே தள்ளிவிடுவார்கள்.

யாரும் ஆசைப்படாத அந்த இடத்தில் நின்று, ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கம் பெற்ற சென்னைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரங்கநாதன் பிரான்சிஸ்.

ஹாக்கியில் மூன்று தங்கம் வென்ற இந்தியர்கள் இதுவரை ஏழே பேர்தான். தியான்சந்த், ரிச்சர்ட் ஆலன், பல்பீர் சிங், லெஸ்லி கிளாடியஸ், ரந்தீர் சிங் ஜென்டில், உதம் சிங், ஏழாவதாக நம் பிரான்சிஸ். தியான்சந்தை உங்களுக்குத் தெரியும். பிரான்சிஸை எத்தனை பேருக்குத் தெரியும்?

பர்மாவில் உள்ள ரங்கூனில் 1920 மார்ச் 15 அன்று அவர் பிறந்தார். இப்போது அந்த நாட்டுக்கு மியான்மர் என்று பெயர். ரங்கூன் யாங்கூன் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த ஊரில் வாழ்ந்தார்கள். பிரான்சிஸ் பின்னர் சென்னைக்கு வந்து, இங்குள்ள ஹாக்கி மைதானங்களில் பெயர் எடுத்தார்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 1940-ல் அவருக்கு வயது 20. அந்த ஆண்டு ஒலிம்பிக் நடக்கவில்லை. 1944-ல் 24 வயது. அப்போதும் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் இரண்டையும் விழுங்கிவிட்டது. ஒரு விளையாட்டு வீரனுக்கு உடம்பில் வலு கூடியிருக்கும் வயது அது. பிரான்சிஸ் முதல் ஒலிம்பிக்கைப் பார்த்தபோது அவருக்கு 28 வயது.

அது 1948, லண்டன். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகாத நேரம். இறுதிப் போட்டி ஆகஸ்ட் 12 அன்று. எதிரணி எது தெரியுமா? நம்மை ஆண்ட பிரிட்டன்! அவர்கள் ஊரிலேயே, அவர்கள் கண் முன்னே, இந்தியா 4-0 என்று வென்றது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் லியோ பின்டோ. பிரான்சிஸ் வெளியே இருந்தார். அணியோடு இரண்டு கோல் கீப்பர்கள் போவார்கள். ஒரு ஆட்டத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். நடுவில் ஆளை மாற்றும் விதியும் அன்று கிடையாது. ஒருவர் நின்றால் 70 நிமிடமும் அவரே. மற்றவர் 70 நிமிடமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் சுலபமான வேலை இல்லை!

இப்போது கோல் கீப்பரின் இடத்தில் நீங்களே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் 12 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள கோல். எதிரே கருங்கல் போலக் கெட்டியான பந்து, எடை சுமார் 160 கிராம். காலுக்கு மட்டும் பேடு உண்டு. தலைக்கவசமோ முகமூடியோ கிடையாது. தரையோ புல்தரை. சின்ன மேட்டில் பட்டாலும் பந்து எழும்பி முகத்துக்கே வரும்.

இதே சமயத்தில் உலகின் இன்னொரு மூலையில், கனடாவிலும் அமெரிக்காவிலும், பனிக்கட்டி மேல் சறுக்கியபடி ஒரு ஹாக்கி ஆடினார்கள். அங்கே சம்பளம் வாங்கி ஆடிய கோல் கீப்பர்களும் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். ஜாக் பிளான்ட் என்ற புகழ்பெற்ற கீப்பருக்கு 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் முகத்தில் அடிபட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய பயிற்சியாளருக்கு அது பிடிக்கவே இல்லை! ஆனாலும் மெல்ல மெல்ல எல்லாரும் முகமூடிக்கு மாறினார்கள். நம் ஹாக்கிக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பிரான்சிஸுக்குச் சம்பளமும் இல்லை. காசுக்காக ஆடுபவர்கள் ஒலிம்பிக்குக்கு வரக் கூடாது என்பது அன்றைய விதி.

1952-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி. இந்த முறை பிரான்சிஸும் தேஷ்முத்துவும் கோல் கீப்பர்கள். நம் ஓசூரைத் தாண்டினால் வருமே பெங்களூர், அந்த ஊர்க்காரரான முனிசாமி ராஜகோபாலும் அணியில் இருந்தார். ஆஸ்திரியாவை 4-0, பிரிட்டனை 3-1, இறுதியில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றார்கள். அந்த ஆறில் ஐந்து கோல் பல்பீர் சிங் அடித்தவை. மறுபடியும் தங்கம்.

1956-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். பிரான்சிஸுக்கு 36 வயது. கூட வந்த இன்னொரு கீப்பர் சங்கர் லட்சுமணனுக்கு 23. இந்தியா ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0, சிங்கப்பூரை 6-0 என்று வென்றது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் கீப்பருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இல்லாமல் நிற்பதுதான் ஆபத்து! 1932-ல் ரிச்சர்ட் ஆலன் ஒரு ரசிகருக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கா ஒரு கோல் அடித்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

மெல்போர்னில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அரையிறுதியில் ஜெர்மனியை 1-0, டிசம்பர் 6 அன்று இறுதியில் பாகிஸ்தானை 1-0. இரண்டிலும் ஒரே கோல்தான் வித்தியாசம். கீப்பர் ஒரு பந்தை விட்டிருந்தாலும் கதை மாறியிருக்கும். இறுதிப் போட்டியில் நின்றவர் இளைஞர் லட்சுமணன். அந்த ஒலிம்பிக் முழுவதும் நம் கோலுக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை.

மூன்று ஒலிம்பிக்கையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 13 ஆட்டங்கள். இந்தியா அடித்த கோல் 76. வாங்கிய கோல் எத்தனை? நான்கே நான்கு! 76-ஐ அடித்தவர்கள் பெயர் எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. தடுத்த பந்துகளை எண்ணி வைத்தவர் யாரும் இல்லை. பிரான்சிஸ் பெயர் நம் காதுக்கு அதிகம் எட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த பிலிப்ஸ் இருந்தார். தேதியைக் கவனித்தீர்களா? பிரான்சிஸின் 55-வது பிறந்தநாள்!

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பிரான்சிஸ் சென்னையில் காலமானார். மறு ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லுக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். இந்தியா முதல் முறையாக ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் திரும்பியது. அதன்பின் எந்த ஒலிம்பிக்கிலும் ஹாக்கி புல்தரையில் நடக்கவே இல்லை.