காஞ்சி அண்ணாதுரையின் இரு சொற்போர்கள்

முதன்முறை மேடையேறும் மாணவர்க்கெனக் கல்லூரிகளில் நடைபெறும் சொற்போர்களை யாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். ஒருவர் மனனஞ் செய்ததை ஒப்புவித்து இறங்குவர். மற்றொருவர் எதிர்க்கட்சியாரைப் பழித்து இறங்குவர். இன்னொருவர்க்கோ நாவே எழாது. எதிரில் நின்றவர் கூறியதைச் செவிமடுத்து அதற்கு விடை பகர்வோர் மிகச் சிலரே. இக்குறையை எண்ணியபோது எம் நினைவிற்கு வந்தவர் இந்நாட்டிற் பிறந்த காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை ஆவர்.

காஞ்சியும், பல்லவர் காலத்து அதன் துறைமுகமாகிய மாமல்லபுரமும் நெடுங்காலம் ஒரே செங்கற்பட்டு ஜில்லாவினுள் அடங்கியிருந்தன. அக்காஞ்சியில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் எளிய நெசவாளர் குடியில் அண்ணாதுரை பிறந்தார். சிற்றன்னையார் இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்து, அவ்வூர்ப் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, வறுமையால் நகராண்மைக் கழகத்திற் சிறிது காலம் குமாஸ்தாவாக அமர்ந்து, பின்னரே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியை அடைந்தார். அங்கே பொருளாதாரமும் அரசியலும் கற்று ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

பேச்சாளர்க்கு வேண்டுவன என்று உலகம் கருதும் தோற்றப் பொலிவு அவர்க்கு வாய்த்திலது. உருவமோ குறியது, குரலோ கரகரத்தது. ஆயினும் ஆங்கிலம், தமிழ் என்னும் இருமொழியிலும் நாவன்மை கைவந்தது. நீதிக்கட்சித் தலைவர்களின் ஆங்கிலப் பிரசங்கங்களைக் கூட்டத்தார்க்கு உடனுக்குடன் தமிழிற் பெயர்த்துரைக்கும் பணி அவருடைய முதற்பயிற்சிகளுள் ஒன்று. பிறர் கருத்தைப் பிழையின்றிக் கேட்டு, வாங்கி, வேற்றுமொழியில் வழங்குதல் எளிய செயலன்று. செவிக்கும் நாவிற்கும் ஒருங்கே கிடைத்த இப்பயிற்சியே பிற்காலச் சொற்போர்களுக்கு அடிப்படையாயிற்று என்பது எம் எண்ணம்.

இனி அச்சொற்போர்களுக்கு வருவோம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீக்கிரையாக்க வேண்டுமென்னும் கிளர்ச்சியைச் சுயமரியாதை இயக்கத்தார் தொடங்கினர். தமிழ்ப் புலவருலகம் கொதித்தெழுந்தது. அதனை மேடையில் வைத்தே வாதிடலாம் என்று 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்திற் சொற்போர் கூடிற்று. அவைத் தலைவர் இராமச்சந்திரன் செட்டியார். கம்பன் பக்கம் நின்றவர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை, சட்டமும் பயின்றவர், அடுக்குமொழியில் அவரை விஞ்சுவார் அரியர். அவரும் பச்சையப்பன் கல்லூரியிற் கற்றவரே. எதிர்ப்பக்கம் நின்ற அண்ணாதுரைக்கு அப்பொழுது வயது முப்பத்து மூன்று.

அண்ணாதுரையின் வாதம் கவிநயத்தைப் பற்றியதன்று. அந்நூல்கள் ஆரியக் கொள்கையைத் தமிழர் உள்ளத்திற் பதிக்கின்றன, கலையின் இனிமை அந்நஞ்சிற்குப் போர்வையாகின்றது என்பதே அவர் கட்சி. சேதுப்பிள்ளையோ கலையின் பெருமையை முன்னிறுத்தினார். நூலை எரிக்கும் கொள்கை எமக்கு உடன்பாடன்று. எரித்த ஏட்டை எவரும் மறுத்துப் பேச இயலாதன்றோ? எனினும் ஒன்றை மறைத்தலாகாது. தாம் எதிர்த்த காவியத்தை அண்ணாதுரை நன்கு கற்றே மேடையேறினார். கம்பன் பாடல்களிலிருந்தே தம் வாதத்திற்குச் சான்று காட்டினார். எதிர்நின்றாரின் புலமையையும் குறைத்துரைத்திலர்.

அடுத்த திங்கள், மார்ச்சு 14-ஆம் நாள், சேலத்தில் இரண்டாம் சொற்போர். தலைமை தாங்கியவர் அங்குள்ள கல்லூரித் தலைவர் இராமசாமிக் கவுண்டர். இம்முறை எதிரில் நின்றவர் எட்டயபுரத்து நாவலர் சோமசுந்தர பாரதியார், அறுபதைக் கடந்த முதியவர், தேர்ந்த வக்கீல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கியவர். ஐந்தாறு ஆண்டுகட்கு முன்னர்க் கட்டாய இந்தியை எதிர்த்த கிளர்ச்சியில் இவ்விருவரும் ஓரணியில் நின்றவர்கள். அண்ணாதுரை அதன்பொருட்டுச் சிறையும் புகுந்தார். அத்தகைய தோழமையும் வயதின் மதிப்பும் ஒருபுறமிருக்க, கொள்கை வேறுபட்டவிடத்து இருவரும் மனங்கூசாது அவையேறினர். இரு சொற்போர்களும் பின்னர்த் தீ பரவட்டும் என்னும் பெயரால் நூலாயின. மாணவர் அதனைத் தேடி, இருபக்க வாதங்களையும் எடைபோட்டுப் படித்தல் நன்று. கட்சி சேர்வது பிறகு.

பிந்திய வரலாறு யாவரும் அறிந்ததாகலின் சுருக்குவோம். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம் கண்டார். 1957-இல் காஞ்சியில் வென்றார். 1962-இல் அங்கேயே தோற்று, டெல்லி மாநிலங்களவை புகுந்து பிரிவினைக் கோரிக்கையை வாதிட்டார். சீனப் போருக்குப் பின், 1963-இல், அக்கோரிக்கையைத் தம் இயக்கம் கைவிடச் செய்தார். 1967 மார்ச்சில் முதலமைச்சரானார்.

1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடைபெற்றது. அதனையொட்டிக் கடற்கரைச் சாலையிற் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஔவையார், கண்ணகி ஆகியோரோடு, தமிழ்ப்பணி புரிந்த வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பு என்னும் மேனாட்டு மூவர்க்கும் ஆங்கு இடம் கிடைத்தது. அவ்வரிசையிற் கம்பர்க்கும் ஒரு சிலை நிறுவப்பெற்றது! இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் கம்பன் காவியத்தைத் தீக்கிரையாக்க வாதிட்டவரே அன்று நாட்டின் முதலமைச்சர். பழைய வாதத்தை அவர் கைவிட்டாரென்று இதுகொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆளும் பொறுப்பு வேறு, வாதமேடை வேறு என்பாருமுளர். எவ்வாறாயினும், மேடையில் எதிர்த்த புலவனைத் தம் ஆட்சியில் தமிழ்ப் பெரியோர் வரிசையினின்று அவர் நீக்கினாரல்லர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், புற்றுநோயால் அவர் மறைந்தார். எண்ணற்ற மக்கள் சூழ்ந்து செல்ல, தெற்கே மாமல்லபுரம் நோக்கி நீளும் அக்கடற்கரையிலேயே, கம்பர் சிலைக்குச் சிறிது தொலைவில், அவர் உடல் அடக்கஞ் செய்யப்பெற்றது.