மனிதரை அளந்த அறிஞர் பிரான்ஸ் போவாஸ்

மனிதனுடைய மூக்கையும் மண்டையையும் அளந்து, அவன் மேலோனா கீழோனா என்று தீர்ப்புக் கூறிய காலம் ஒன்று இருந்தது. அது கல்வியற்ற பழங்காலமன்று; பல்கலைக்கழகங்களும் அச்சகங்களும் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியே அக்காலம். நம் நாட்டிலும் அது நிகழ்ந்தது. 1901ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின் தலைமை அதிகாரியாயிருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலுந்தோறும் சாதியின் தரம் தாழ்கின்றது என்று எழுதினார். சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதியாரையும் பழங்குடியினரையும் கருவிகொண்டு அளந்து, 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அவ்வாறு அளக்கப்பட்டவருள் நம் முன்னோரும் உண்டு. அளந்தவர் எழுதினர், அளக்கப்பட்டவர் எழுதியதைப் படிக்கவும் இயலாதிருந்தனர்.

அதே அளவுகோலைக் கையிலெடுத்து, அதன் பெயரால் கூறப்பட்ட பொய்களைத் தகர்த்தவர் பிரான்ஸ் போவாஸ். மானிடவியல் என்னும் சாஸ்திரம் மக்களை ஒடுக்கவும் உதவும், விடுவிக்கவும் உதவும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. ஆதலின் அவ்வரலாற்றை நம் உபாசக உபாசிகைகள் அறிதல் நலமென்று கருதி இங்கே சுருக்கமாகக் கூறுகின்றோம்.

போவாஸ் 1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள மிண்டன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வணிகர், தாயார் அந்நகரில் குழந்தைகளுக்குப் பள்ளி நிறுவியவர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் சுதந்திரக் கருத்துக்கள் அவ்வீட்டில் மதிக்கப்பட்டன. ஆயினும், யூதர் என்னும் இழிசொல் அக்காலத்து ஜெர்மன் மாணாக்கரிடையே மலிந்திருந்தது. பிறப்பினால் வரும் அவமதிப்பை நூலிற் படித்து அறிய வேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை.

அவர் முதலிற் கற்றது பௌதிகம். கடல்நீரின் நிறத்தைப் பற்றி ஆராய்ந்து 1881ஆம் ஆண்டில் கீல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பூகோளத்தில் நாட்டம் கொண்டு, 1883ஆம் ஆண்டில் வடதுருவத்தை அடுத்த பாபின் தீவுக்குச் சென்று, ஓராண்டுக் காலம் இனுயிட் மக்களிடையே வாழ்ந்தார். உறைபனியில் வழி தப்பி, இருபத்தாறு மணி நேரம் நடந்து தவித்த நாளும் உண்டு. பச்சை இறைச்சியை உண்டு பனிக்கட்டி வீட்டில் உறங்கும் அம்மக்கள், இல்லாமையிலும் உள்ளதைப் பகிர்ந்துண்டதை அவர் கண்டார். நாகரிகம் மிக்கோர் எனப்படும் தம்மவர் இவர்களைவிட எவ்வகையில் உயர்ந்தவர் என்னும் கேள்வி அப்பனிவெளியில் அவர் உள்ளத்தில் எழுந்தது. நிலத்தை ஆராயச் சென்றவர் மனிதரை ஆராய்பவராகத் திரும்பினார்.

1887ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குடியேறிய போவாஸ், 1899ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியரானார். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பழங்குடியினரிடம் பலமுறை சென்று அவர்களுடைய மொழிகளையும் கதைகளையும் சேகரித்தார். அங்கே ஜார்ஜ் ஹண்ட் என்பவருக்கு அம்மக்களின் மொழியை எழுத்தில் வடிக்கும் முறையைக் கற்பித்து, பல்லாயிரம் பக்கங்களை அவரைக்கொண்டே எழுதுவித்தார். அம்மக்கள் விருந்திட்டுப் பொருளை வாரி வழங்கும் பாட்லாட்ச் என்னும் சடங்கைக் கனடா அரசாங்கம் சட்டத்தால் தடுத்திருந்தது. அத்தடை தவறென்று 1897ஆம் ஆண்டிலேயே பத்திரிகையில் எழுதினார் போவாஸ். தடை நீங்கியதோ 1951ஆம் ஆண்டில்தான்.

1906ஆம் ஆண்டில் நீக்ரோவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் தலைவர் டுபாய்ஸ் அவர்களின் அழைப்பை ஏற்று, அட்லாண்டா பல்கலைக்கழகத்துப் பட்டமளிப்பு விழாவில் போவாஸ் பேசினார். ஆப்பிரிக்கர் இரும்பை உருக்கிய திறனையும் அவர்கள் கட்டியாண்ட பேரரசுகளையும் எடுத்துரைத்தார். தம் முன்னோர்க்கு வரலாறே இல்லையென்று கேட்டு வளர்ந்த அவ்விளைஞர்க்கு அது புதுச்செய்தி. டுபாய்ஸ் போன்ற பேரறிஞரே அன்று வியந்து வாயடைத்திருந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார்.

அக்காலத்தில் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏழைமக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவில் வந்து குடியேறினர். இவர்கள் தாழ்ந்த இனத்தவர்; இவர்களால் நாடு கெடும் என்று பலர் கூக்குரலிட்டனர். இதை ஆராய அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவிற்காகப் போவாஸ் 1908 முதல் 1910 வரை ஏறத்தாழ பதினெண்ணாயிரம் பேரை அளந்தார். மண்டையின் வடிவம் தலைமுறைதோறும் மாறாதது, அதுவே இனத்தின் முத்திரை என்பது அந்நாளைய கொள்கை. போவாஸ் கண்டதோ வேறு. ஐரோப்பாவிற் பிறந்த பிள்ளைகளுக்கும், அதே பெற்றோர்க்கு அமெரிக்காவிற் பிறந்த பிள்ளைகளுக்கும் மண்டை வடிவம் வேறுபட்டது. தாய் புதுநாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் மிகுந்தோறும் அவ்வேறுபாடும் மிகுந்தது. உணவும் சூழலும் எலும்பையே மாற்றுமாயின், மாறாத இனமுத்திரை எங்கே? சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2002, 2003ஆம் ஆண்டுகளில் அறிஞர்கள் அக்கணக்குகளைக் கணிப்பொறியிலிட்டு மீண்டும் சோதித்தனர். மாற்றத்தின் அளவு சிறிதென்றனர் ஒரு சாரார்; அடிப்படை முடிவு சரியே என்று நிறுவினர் மற்றொரு சாரார்.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். நாம் ஆலையில் நூல் நூற்ற நாட்களில், புதிதாய் வேலைக்கு வருபவனின் முகத்தைப் பார்த்தே அவன் குலத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு மேஸ்திரி பெருமை பேசுவார். ஒருநாள் ஒருவனை மேற்குலத்தான் என்று கருதித் தம் செம்பிலிருந்தே நீர் கொடுத்தார். அவன் நம் சேரியைச் சேர்ந்தவன் என்று மறுவாரம் தெரிந்தது. அவர் செம்பை மாற்றினாரேயன்றித் தம் கருத்தை மாற்றவில்லை. அன்று நாம் சிரித்தோம். ஆனால், முகத்திற் குலம் தெரியும் என்னும் நம்பிக்கை அந்நாளில் நம் உள்ளத்திலும் இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. போவாஸைப் பற்றிப் படித்த பின்னரே அது வேரோடு அகன்றது.

உண்மை அரங்கேறியவுடன் உலகம் திருந்திவிடும் என்று எண்ணலாகாது. போவாஸின் ஆராய்ச்சி வெளிவந்த பின்னரும், 1924ஆம் ஆண்டில் அமெரிக்கா அதே மக்களின் வருகையைக் கடுமையாகக் குறைக்கும் சட்டத்தை இயற்றியது. போர்க்காலத்தில் சில ஆராய்ச்சியாளர் ஒற்றர் வேலை பார்த்ததை 1919ஆம் ஆண்டில் அவர் பத்திரிகையிற் கண்டித்தபோது, அவர் வளர்த்த மானிடவியல் சங்கமே அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அவரிடத்தும் குற்றம் உண்டு. அதை மறைத்து எழுதினால் இது வரலாறாகாது, துதிப்பாடலாகும். ஆராய்ச்சியின் பொருட்டுக் கனடாவில் பழங்குடியினரின் கல்லறைகளிலிருந்து எலும்புகளை எடுத்தார். 1897ஆம் ஆண்டில், ஓர் இனுயிட் மனிதரை அழைத்துவரும்படி அவர் கேட்டதற்கு, பியரி என்னும் கடற்பயணி கிரீன்லாந்திலிருந்து அறுவரை அருங்காட்சியகத்திற்குக் கொணர்ந்தார். நால்வர் நோயுற்று மாண்டனர். அவருள் ஒருவரான கிசுக் என்பவரின் மகன் மினிக் சிறுவன். அவனை அமைதிப்படுத்துவதற்காகத் துணி சுற்றிய மரக்கட்டையைத் தந்தையின் உடலென்று காட்டிப் பொய்ச் சவ அடக்கம் நடத்தினர். எலும்புகளோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. பின்னாளில் உண்மையறிந்த மினிக் தந்தையின் எலும்புகளைக் கேட்டும் பெறாமலே மறைந்தான். போவாஸ் அச்செயலுக்கு வருந்தாமல் அதை நியாயப்படுத்தியே பேசினார். அவ்வெலும்புகள் 1993ஆம் ஆண்டில்தான் கிரீன்லாந்து மண்ணை அடைந்தன. பனிவெளியில் எழுந்த கேள்வியை அருங்காட்சியகத்துச் சுவர்களுக்குள்ளே அவ்வறிஞர் மறந்தார் போலும். கருணை நீங்கிய அறிவு எத்தகையது என்பதற்கு நமக்கு இதுவே போதும்.

ஆயினும் அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் மாணாக்கரே. ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட் முதலிய பெண்மணிகளும், கறுப்பினத்து எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனும் அவரிடம் பயின்றனர். அளக்கப்பட்ட மக்களுள் ஒருவரே எழுதுகோலை ஏந்தும் காலம் அங்கே பிறந்தது.

அவருடைய மாணாக்கருள் ஒருவர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர். அவர் கொலம்பியாவில் நடத்திய மானிடவியல் வகுப்பிலேதான், 1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், இருபத்தைந்து வயதினரான நம் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் இந்தியாவில் சாதிகள் என்னும் கட்டுரையைப் படித்தார்கள். சாதியின் உயிர்நிலை இரத்தமன்று, நிறமன்று. தன் குழுவிற்குள்ளேயே மணம் செய்யும் கட்டுப்பாடே அது என்று அதில் விளக்கினார்கள். பின்னர், 1948ஆம் ஆண்டில் தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், மேல்சாதி ஆராய்ச்சியாளர் தந்த மூக்களவுகளைக்கொண்டே பிராமணரும் தீண்டப்படாதாரும் வேறு இனத்தவரல்லர் என்று வாதிட்டார்கள். ரிஸ்லியின் கருவி ரிஸ்லிக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று.

நமக்கு இஃது அந்நியமான செய்தியன்று. வாசெட்டன், பாரத்வாஜன் என்னும் இரு பிராமண இளைஞர் பிறப்பினாலா செயலினாலா ஒருவன் உயர்வது என்று வாதிட்டுப் பகவானிடம் வந்தபோது, புல்லிலும் பூச்சியிலும் விலங்கிலும் சாதியைக் காட்டும் குறிகள் உண்டு, மனித உடலில் அத்தகைய குறி இல்லை என்றே பகவான் தெளிவித்தார். இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் ஞானக்கண்ணாற் கண்டதை, போவாஸ் பதினெண்ணாயிரம் தலைகளை அளந்து கண்டார்.

1933ஆம் ஆண்டில் இட்லரின் ஆட்சியினர் போவாஸின் நூல்களை எரித்தனர். முதுமையிலும் நோயிலும், மனைவியையும் இரு மக்களையும் இழந்த துயரிலும், அவர் இனவெறியை எதிர்த்து எழுதுவதை நிறுத்தவில்லை. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த அறிஞர்க்கு உதவினார். 1942ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், பிரெஞ்சு அறிஞர் பால் ரிவே அவர்களுக்குக் கொலம்பியாவில் அளித்த விருந்தில், இனவெறியின் பொய்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபொழுதே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு.

இன்று மூக்கை அளக்கும் கருவி அருங்காட்சியகத்திற் கிடக்கின்றது. ஆனால் பெயரைக் கேட்டும், தெருவைக் கேட்டும், உணவைக் கேட்டும் அளப்பவர் இருக்கின்றனர். ஆகவே, சகோதர சகோதரிகளே, நம் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை அவர்கள் சோதிக்கட்டும். நம் வரலாற்றை அவர்களே எழுதட்டும். எழுதும்போது மினிக் என்னும் அச்சிறுவனை மறவாதிருக்கட்டும்.